இசைத்தட்டில் பதிந்த மக்கள் குரல்

வரலாறு பெரும்பாலும் பேசியவரின் பெயரையே குறித்து வைக்கிறது. கேட்டவரின் பெயரைக் குறிப்பதில்லை. அரசன் வெட்டுவித்த கல்வெட்டிலே அவனுடைய மெய்க்கீர்த்தி நின்று நிலவுகிறது. அந்தக் கல்லைச் சுமந்தவனின் மூச்சொலி அதிலே கேட்பதில்லை. புலவன் அரங்கேற்றிய நூல் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அரங்கேற்றத்தின்போது அவையோர் எவ்விடத்தில் தலையசைத்தனர், எவ்விடத்தில் நகைத்தனர், எவ்விடத்தில் கண் கலங்கினர் என்பதை நாம் அறியோம். பள்ளிக்கூடத்திலே நெடுங்காலமாக வரலாறு கற்பித்து வரும் எனக்கு இது ஓயாது உறுத்தும் குறை.

கடந்த நூற்றாண்டிலே இக்குறையை ஓரளவுக்கேனும் நீக்கிய சான்று ஒன்று தோன்றியது. அது ஏட்டிலே தோன்றவில்லை, கல்லிலும் தோன்றவில்லை, சுழலும் கறுப்புத் தட்டு ஒன்றிலே தோன்றியது. அரங்கிலே நிகழும் இசைநிகழ்ச்சியை அவையோரின் ஆரவாரத்தோடு சேர்த்துப் பதிந்து வெளியிட்ட இசைத்தட்டையே இங்கு கருதுகிறேன். அத்தகைய தட்டுகளுள்ளும், அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களிடையே பிறந்த 'ஃபங்க்' என்னும் இசைவகையைச் சார்ந்தவை தனியொரு கவர்ச்சி உடையவை. அக்கவர்ச்சி யாது, அது எவ்வாறு உருவாயிற்று என்பதை, அவ்விசையின் தந்தை எனப் போற்றப்பெறும் ஜேம்ஸ் பிறவுண் என்பவரின் வரலாற்றைக் கொண்டு நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலிலே தட்டின் கதையைச் சிறிது பார்ப்போம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்திலே ஏறக்குறைய 3 நிமிட இசைக்கே இடமிருந்தது. பாடகர் மூடிய அறையொன்றில் நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாடி முடிக்க வேண்டும். இருமலோ, செருமலோ, நாற்காலி அசையும் ஓசையோ புகுந்துவிட்டால் அப்பதிவு பழுதாயிற்று என்று தள்ளிவிடுவர். கேட்போர் அங்கே இருத்தலே ஆகாது. 1948 ஆம் ஆண்டிலே கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேலும் ஒலிக்கவல்லது. ஜெர்மனியிலே வளர்ச்சியடைந்த காந்த ஒலிநாடாவும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவை வந்தடைந்தது. இவ்விரண்டும் கூடியபோதே, ஓர் இரவு முழுவதையும் அரங்கிலிருந்து வீட்டுக்கு எடுத்துவரும் வழி திறந்தது. 1938 ஜனவரி 16 ஆம் நாள் நியூயோர்க் நகரத்துக் கார்ணகி மண்டபத்திலே பென்னி குட்மன் நிகழ்த்திய ஜாஸ் இசைநிகழ்ச்சி, 1950 ஆம் ஆண்டிலே நெடுநேரத் தட்டுகளாக வெளிவந்து பெருவரவேற்புப் பெற்றது. 12 ஆண்டுகளுக்கு முன் எழுந்த கைதட்டலை மக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள்!

இனி ஜேம்ஸ் பிறவுண் என்பவரிடம் வருவோம். அவர் 1933 மே 3 ஆம் நாள் தென் கரோலைனா மாநிலத்திலே கொடிய வறுமையிற் பிறந்தவர். ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்டா நகரிலே உறவினர் வீட்டில் வளர்ந்தவர். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி. வெள்ளையருக்கு ஒரு வாயில், கறுப்பருக்கு ஒரு வாயில் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலமும் இடமும் அவை. 16 ஆம் வயதிலே திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை புகுந்தார். சிறையிலும் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு வழிபாட்டுப் பாடல்கள் பாடினார். பொபி பேர்ட் என்னும் இளைஞரின் குடும்பத்தார் பொறுப்பேற்க முன்வந்தமையால் 1952 ஆம் ஆண்டிலே விடுதலை பெற்றார். அவ்விளைஞரே பின்னர் அவருடைய பாட்டுத் தோழராய்ப் பல்லாண்டுகள் உடன் நின்றவர்.

1956 ஆம் ஆண்டு அவர்களுடைய முதற் பாட்டு, சின்சினாட்டி நகரிலிருந்த 'கிங்' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. நிறுவனத்தின் உரிமையாளர் சிட் நேதன் அப்பாட்டை விரும்பவில்லை; மக்கள் விரும்பினர். பின்னர்ப் பிறவுண் ஆண்டின் பெரும்பகுதியையும் பயணத்திலேயே கழித்து, ஊர் ஊராகப் பாடினார். இசையுலகிலே அவரைப்போலக் கடுமையாக உழைப்பவர் வேறெவருமிலர் என்பதே அவருக்கு வழங்கிய பட்டமாயிற்று. தட்டிலே 3 நிமிடமாக அடங்கிக் கிடந்த பாட்டு, மேடையிலே 10 நிமிடமாய், 15 நிமிடமாய் விரிவதையும், கேட்போர் எழுந்து ஆர்ப்பரிப்பதையும் அவர் இரவுதோறும் கண்டார். தம் கலையின் உண்மையான உருவம் மேடையிலேதான் இருக்கிறது, தட்டிலே இல்லை என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது.

ஆகவே, அரங்க நிகழ்ச்சியொன்றை முழுமையாகப் பதிந்து வெளியிட வேண்டும் என்று நேதனிடம் கேட்டார். அவர் மறுத்தார். அவருடைய நியாயம் வணிகனின் நியாயம். 'மக்கள் முன்னரே தனித்தனித் தட்டுகளாக வாங்கிய பாட்டுகளையே மீண்டும் இரைச்சலோடு சேர்த்துக் கொடுத்தால் எவர் வாங்குவர்?' என்பதே அவருடைய வினா. பிறவுண் வாதாடிப் பார்த்தார்; பயனில்லை. ஈற்றிலே தம் சொந்தப் பணம் 5,700 டொலரைச் செலவிட்டுத் தாமே அப்பதிவைச் செய்விக்கத் துணிந்தார். சிறையிலிருந்து வெறுங்கையோடு வந்து பத்து ஆண்டுகளே ஆன மனிதருக்கு 5,700 டொலர் சிறு தொகை அன்று. தம்மை நம்பி மட்டும் அவர் அப்பணத்தை வைக்கவில்லை. தம்முன்னே வந்து அமரப்போகும் மக்களையும் நம்பியே வைத்தார்.

அவர் தேர்ந்த இடம் நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 125 ஆம் வீதியில் உள்ள அப்பலோ அரங்கு. ஏறத்தாழ 1,500 பேர் இருக்கத்தக்க அவ்வரங்கு 1914 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டபோது கறுப்பின மக்களுக்கு அங்கே இடமில்லை. 1934 ஆம் ஆண்டிலேதான் அது புதுப்பெயரோடு அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே அங்கு நடந்த புதுமுகப் போட்டியொன்றிலே வென்று புகழ்வாழ்வைத் தொடங்கியவர் எல்லா ஃபிற்ஸ்ஜெரால்ட் என்னும் பெரும் பாடகி. அப்பலோ அவையோர் எளிதில் மயங்காதவர்கள். நன்றாகப் பாடினால் தலைமேல் தூக்கி வைப்பார்கள். பிழைபடப் பாடினால் கூச்சலிட்டே மேடையை விட்டு இறக்கிவிடுவார்கள். அத்தகைய அவையின் முன்னே ஒலிநாடாவை ஓடவிடுவது துணிச்சலான செயல்.

1962 ஒக்டோபர் 24 ஆம் நாள் புதன்கிழமை இரவு அப்பதிவு நிகழ்ந்தது. அந்நாள் உலக வரலாற்றிலும் மறக்கத்தகாத நாள். கியூபாவிலே சோவியத் ஏவுகணைகள் நிறுவப்பட்டமை கண்டு, அத்தீவைச் சூழ்ந்து அமெரிக்கா இட்ட கடல்மறியல் நடைமுறைக்கு வந்தது அன்றேதான். அணுகுண்டுப் போர் மூளுமோ என்று உலகமே அஞ்சி நின்ற அந்த இரவிலே, ஹார்லெம் மக்கள் அரங்கிலே கூடிப் பாட்டுக் கேட்டார்கள். அவர்கள் எழுப்பிய ஒலி இன்றும் நம்மிடம் இருக்கிறது.

அத்தட்டைச் சுழலவிட்டால் முதலிலே கேட்பது பாட்டன்று. அறிவிப்பாளர் ஒருவரின் குரல். அவர் பிறவுண் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக உரைக்கிறார். ஒவ்வொரு பெயரின் முடிவிலும் இசைக்குழு ஓரிசையை முழங்கி நிறுத்துகிறது. அடுத்த பெயருக்கு அம்முழக்கம் ஒரு படி உயர்கிறது. அதற்கடுத்த பெயருக்கு இன்னொரு படி. அவையோரின் ஆவலும் படிப்படியாக ஏறுகிறது. நாயகர் இன்னும் மேடைக்கு வரவில்லை. ஆயினும் நாடகம் தொடங்கிவிட்டது. பின்னர் நிகழ்வதெல்லாம் அரை மணி நேரம்தான். ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டுத் தொடங்குவதற்குள் மூச்சுவிடவும் இடைவெளியில்லை.

இத்தட்டின் உயிர்நிலை 'லொஸ்ற் சம்வன்' என்னும் பாட்டு. அன்புக்குரியவரை இழந்தவரின் புலம்பல் அது. 10 நிமிடத்துக்கு மேல் நீண்டமையால் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது, இரண்டு பக்கத்திலும் பிரிந்து கிடக்கிறது. இசைக்குழு ஒரே சிறு தொடரை மெல்ல மெல்லத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பிறவுண் பாடுவதை விட்டு, அவையோரோடு பேசத் தொடங்குகிறார், கெஞ்சுகிறார், குரலைத் தாழ்த்துகிறார், திடீரெனக் கதறுகிறார். அவர் குரலுக்கு அவர்கள் குரல் மறுமொழியாகிறது. ஓரிடத்திலே அவர் குரல் தாழ்ந்து அரங்கு அமைதியுற்ற வேளையில், பெண்ணொருத்தி அடக்கமாட்டாமல் வீறிட்டுக் கத்துகிறாள். சுற்றியிருந்தோர் கொல்லெனச் சிரிக்கின்றனர். ஒரு கணம் அரங்கு முழுவதும் ஒரு குடும்பமாகி விடுகிறது. அந்தப் பெண் யார்? அவள் பெயர் என்ன? எத்தொழில் செய்தாள்? எந்தத் துயரை மறக்க அன்றிரவு அங்கு வந்தாள்? எதுவும் அறியோம். ஆனால் அவள் குரலை அறிவோம்.

இவ்வுரையாடல் பிறவுண் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. தலைவன் ஒருவன் சொல்ல, கூட்டத்தார் மறுமொழி பாடும் முறை மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் தம் நெஞ்சிலே சுமந்து வந்த முறை. அவர்கள் உடைமையெல்லாம் பறிக்கப்பட்டது; இது பறிக்கப்படவில்லை. பருத்தித் தோட்டங்களிலே வேலைப்பாட்டாக அது வாழ்ந்தது. பின்னர் கறுப்பின மக்களின் தேவாலயங்களிலே போதகருக்கும் சபையோருக்கும் இடையிலான உரையாடலாக வாழ்ந்தது. நம்மூர்ப் பஜனையிலே முன்பாடுவார் ஓரடி பாட, கூடியிருப்போர் அதனை வாங்கிப் பாடுவதை அறிந்த நேயர்களுக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். அங்கே கேட்போர், பாடுவோர் என்ற வேற்றுமை இல்லை. மறுமொழி எழாவிடில் பாட்டு அரைகுறையாய் நின்றுவிடும். ஆகவே மூடிய அறையிலே தனித்து நின்று பாடிய பிறவுண், உண்மையிலே பாதிப் பாட்டையே பாடினார் எனல் பொருந்தும். மற்றப் பாதி ஹார்லெமிலே இருந்தது.

1963 மே மாதம் அத்தட்டு வெளிவந்தது. நேதனுடைய கணக்குப் பொய்த்தது. அமெரிக்க நாடு முழுவதற்குமான இசைத்தட்டு விற்பனை வரிசையிலே அது இரண்டாம் இடம் வரை உயர்ந்து, 66 வாரம் நிலைத்து நின்றது. கறுப்பின மக்கள் மட்டுமன்றி வெள்ளையரும் வாங்கினாலன்றி இது கைகூடாது. வானொலி நேயர்களாகிய உங்களுக்கு ஒரு செய்தியைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். தட்டிலிருந்து ஒரு பாட்டைத் தெரிந்து ஒலிபரப்புவதே வானொலி நிலையங்களின் வழக்கம். இத்தட்டு வந்தபோதோ, கறுப்பின மக்களுக்கான வானொலி நிலையங்கள் பலவற்றில் அறிவிப்பாளர்கள் ஒரு பக்கம் முழுவதையும் அப்படியே ஒலிபரப்பினர். தட்டைத் திருப்பும் இடைவேளையிலே விளம்பரத்தைச் சொல்லி, மறுபக்கத்தையும் முழுமையாக ஒலிபரப்பினர். நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்டமையே இதற்குக் காரணம். ஹார்லெமுக்குப் போக வழியில்லாத தென்மாநிலத்துக் கூலித்தொழிலாளியின் குடிசையிலும் அந்த இரவு மீண்டும் நிகழ்ந்தது.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. பிறவுண் பாடகர் மட்டுமல்லர், சிறந்த ஆட்டக்காரர். கால்களை ஊன்றாமலே மேடையில் வழுக்கிச் செல்வார் போல ஆடுவார், முழந்தாளிட்டு வீழ்வார், மறுகணமே துள்ளி எழுவார். இவற்றுள் ஒன்றையும் தட்டு காட்டாது. ஆயினும் அவர் பாடாத ஓரிடத்திலே அவையிலிருந்து பேரொலி எழும்போது, அங்கே ஏதோ நிகழ்ந்தது என்பதை நம் செவி உணர்கிறது. அதனை மனம் தானே வரைந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாததை அவையோரின் குரலே நமக்குக் காட்டுகிறது. வானொலி நாடகம் கேட்டுப் பழகியவர்களுக்குச் செவியாற் காணும் இக்கலையை விளக்க வேண்டுவதில்லை.

1962 ஆம் ஆண்டு அவர் பாடியவை இன்னும் ஃபங்க் இசையாக உருப்பெறவில்லை. ஃபங்க் என்ற சொல் முதலிலே கெட்ட வாடையைக் குறித்தது. உழைப்பின் வியர்வை நாற்றத்தைக் குறித்த அச்சொல்லைக் கறுப்பினக் கலைஞர்கள் புகழ்ச்சொல்லாக்கிக் கொண்டார்கள். மெருகு பூசாத, மண்மணம் மாறாத இசை என்பதே அவர்கள் கருதிய பொருள். 1965 ஆம் ஆண்டு வெளிவந்த 'பப்பாஸ் கொற் எ பிறாண்ட் நியூ பாக்' என்னும் பாட்டிலே இதன் முதற் குறி தெரிகிறது. 1967 ஆம் ஆண்டின் 'கோல்ட் ஸ்வெற்' என்னும் பாட்டிலே முழுவுருவும் தெரிகிறது.

அதன் இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்திலே இரண்டாவதிலும் நான்காவதிலும் அழுத்தம் கொடுப்பதே அக்காலத்து வழக்கம். பிறவுண் அவ்வழுத்தத்தை முதல் எண்ணிக்கைக்கு மாற்றினார். அதனை 'ஒன்று' என்றே தம் குழுவினருக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒன்றிலே எல்லோரும் வந்து கூடவேண்டும். இடைப்பட்ட வெளியிலே அவரவர் தத்தம் வழியில் உலாவலாம். மிருதங்க வித்துவான் எத்தனை கணக்குகளைப் பின்னிச் சென்றாலும் சமத்திலே வந்து விழும்போது சபை நிறைவு கொள்கிறதன்றோ? அதை ஒத்த நிறைவு இது. மேலும், அவ்விசையிலே மேளம் மட்டும் மேளம் அன்று. கிற்றாரும் மேளம், ஊதுகருவியும் மேளம், பாடகரின் உறுமலும் மேளம். ஒவ்வொருவரும் சிறியதொரு துணுக்கையே வாசிப்பர். அத்துணுக்குகள் பாய் முடைவதுபோல் ஒன்றோடொன்று கோத்து நிற்கும்.

இத்தகைய இசைக்கு 3 நிமிடம் எவ்வாறு போதும்? 7 நிமிடத்துக்கு மேல் நீண்ட 'கோல்ட் ஸ்வெற்', சிறு தட்டின் இரு பக்கங்களில் முதற் பகுதி, இரண்டாம் பகுதி என்று வெட்டப்பட்டே விற்பனைக்கு வந்தது. இராகம் இராகமாக மாறிச் செல்லும் இசையன்று இது. ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்து, கேட்போரின் உடம்பை அசைத்து, அவ்வசைவைக் கண்டு வாசிப்போர் மேலும் சூடேறி வளரும் இசை. ஆகவே அதற்கு உரிய இல்லம் அரங்கு. அரங்கை விட்டால் அரங்கத்தட்டு.

கூட்டத்தோடு அவர் கொண்ட உறவு எத்துணை ஆழமானது என்பதை 1968 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டும். அவ்வாண்டு ஏப்பிரல் 4 ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் தீப்பற்றி எரிந்தன. மறுநாள் பொஸ்டன் நகரிலே பிறவுண் பாடுவதாக இருந்தது. நிகழ்ச்சியை நிறுத்தினால் கலகம் மூளும், நடத்தினாலும் மூளலாம் என்று அஞ்சிய நகரத் தலைமை, அதனைத் தொலைக்காட்சியிலே நேரடியாக ஒளிபரப்ப ஏற்பாடு செய்தது. நிகழ்ச்சியின் நடுவே இளைஞர் சிலர் மேடைமேல் ஏற, காவலர் அவர்களைத் தள்ள முனைந்தனர். பிறவுண் காவலரை விலகி நிற்கச் சொன்னார். இளைஞரிடம் தாமே பேசி, தமக்கும் தம் இனத்துக்கும் உரிய மதிப்பைக் காக்கும்படி வேண்டினார். அவர்கள் இறங்கினர். பாட்டுத் தொடர்ந்தது. பல நகரங்கள் எரிந்த அவ்விரவிலே பொஸ்டன் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. இரவுதோறும் மக்களுடைய மறுமொழியைச் செவிகொடுத்துக் கேட்ட ஒருவருக்கே அவர்கள் செவிகொடுத்தார்கள்.

இனி, இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமற் சொல்லுதல் முறை. கேட்போரின் ஆரவாரத்துக்கு விலையுண்டு என்பதை வணிகர் அறிந்தவுடனே, அந்த ஆரவாரத்தைப் போலியாகச் செய்வதும் தொடங்கிற்று. 1956 ஆம் ஆண்டு நியூபோர்ட் இசைவிழாவிலே டியூக் எலிங்டன் நிகழ்த்திய புகழ்பெற்ற நிகழ்ச்சியின் தட்டிலே, பெரும்பகுதி பின்னர் ஒலிப்பதிவு அறையில் மீண்டும் வாசிக்கப்பட்டுக் கைதட்டல் சேர்க்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டு வெளிவந்த மறுபதிப்பே, அமெரிக்கக் குரல் வானொலியின் ஒலிநாடாக்களின் துணையோடு உண்மை நிகழ்ச்சியை மக்களுக்கு அளித்தது. பிறவுணும் இதற்கு விலக்கல்லர். 1970 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இரட்டைத் தட்டின் பெயர் 'செக்ஸ் மெஷின்'. பெயர் நம் சபைக்கு ஏற்றதன்று. வரலாறு கருதிச் சொல்கிறேன். இரண்டாவது தட்டிலே, 1969 ஒக்டோபரில் அவர் வளர்ந்த ஒகஸ்டா நகரிலேயே நடந்த நிகழ்ச்சி இருக்கிறது. முதலாவது தட்டிலோ, சின்சினாட்டி ஒலிப்பதிவு அறையில் வாசித்தவற்றின்மேல் எதிரொலியும் கைதட்டலும் பின்னர்ப் பூசப்பட்டன. கூர்ந்து கேட்பவர் வேற்றுமையை உணர்வர். பூசப்பட்ட ஆரவாரம் பாட்டுக்கு மறுமொழி சொல்வதில்லை. மழைபோல் ஓயாது பொழிகிறது. உண்மையான அவையோ அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் அமைதியாக இருக்கிறது. அதனாலேதான் அதன் குரலுக்கு மதிப்பு.

மேடையின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். பிறவுண் தம் குழுவினரிடம் மிகக் கண்டிப்பானவர். சுரம் தவறினால் தண்டப்பணம். நேரம் தவறினால் தண்டப்பணம். சப்பாத்து மினுங்காவிட்டாலும் தண்டப்பணம். ஆடிக்கொண்டிருக்கும்போதே விரல்களை விரித்துக் காட்டித் தண்டத்தின் அளவைச் சொல்லிவிடுவார். அவையோர் அதனையும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்றே எண்ணி மகிழ்வர். நாம் தட்டிலே கேட்டு வியக்கும் பிழையற்ற கட்டுக்கோப்பின் அடியிலே அச்சமும் மனக்கசப்பும் இருந்தன என்பது உண்மை. 1970 மார்ச்சிலே குழுவினரிற் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். பிறவுண் சின்சினாட்டியிலிருந்து பெயர் அறியப்படாத இளைஞர் சிலரை விமானத்திலே அவசரமாக வரவழைத்து மேடையேற்றினார். அவர்களுள் பேஸ் கிற்றார் வாசித்த பூட்சி கொலின்ஸ் என்பவருக்கு அப்பொழுது வயது 18. அவருடைய தமையனார் கட்ஃபிஷ் என்பவரும் உடன் வந்தார்.

அவ்விளைஞர்கள் வந்தபின் இசை மேலும் இறுகிற்று, மேலும் எரிந்தது. 1971 மார்ச் 8 ஆம் நாள் பாரிஸ் நகரத்து ஒலிம்பியா அரங்கிலே அவர்கள் நிகழ்த்திய நிகழ்ச்சி ஒலிநாடாவிலே பதியப்பட்டது. ஃபங்க் இசையின் அரங்கப் பதிவுகளுள் இதனையே தலைசிறந்தது என்பார் பலர். பாடிய மொழி ஆங்கிலம். கேட்டவர்களின் தாய்மொழி பிரெஞ்சு. ஆயினும் பிறவுண் குரல் கொடுக்கும்போதெல்லாம் பாரிஸ் மக்கள் மறுமொழி கொடுக்கிறார்கள். பொபி பேர்ட் பாட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். பூட்சியின் தடித்த நரம்பொலி அந்த 'ஒன்றிலே' தவறாது வந்து விழுகிறது. ஹார்லெமிலே ஒரே இனத்தாரின் உறவுப் பேச்சாக ஒலித்தது, ஒன்பது ஆண்டுக்குள் மொழி கடந்த பேச்சாயிற்று.

இப்பதிவு மூன்று தட்டுகளாக அவ்வாண்டே வெளிவர இருந்தது. ஆனால் சிறிது காலத்துள் கொலின்ஸ் சகோதரர்கள் பிறவுணை விட்டு நீங்கினர். பிறவுணும் வேறு நிறுவனத்துக்கு மாறினார். இல்லாத குழுவின் தட்டை வெளியிட்டுப் பயனென்ன என்று அது கிடப்பில் போடப்பட்டது. 21 ஆண்டுகள் கழித்து, 1992 ஆம் ஆண்டிலேதான் 'லவ் பவர் பீஸ்' என்ற பெயரோடு அது வெளிச்சம் கண்டது. இருபது வயதிலே அவ்வரங்கில் நின்று கத்திய பாரிஸ் இளைஞன் நாற்பது வயதிலே தன் குரலைத் தானே கேட்டிருக்கக் கூடும்! இதற்கிடையே பூட்சி கொலின்ஸ், ஜோர்ஜ் கிளின்ரன் என்பவரோடு சேர்ந்தார். அவர்களுடைய 'பார்லிமென்ற்' குழு விண்கலம் ஒன்றை மேடையிலே இறக்கிக் காட்டிய பெருநிகழ்ச்சியின் அரங்கத்தட்டு 1977 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதிலும் அவையோர் பாடிய பங்கு பெரிது. பிறவுணிடம் கற்ற பாடம் மாணாக்கரிடம் தழைத்தது.

பிறவுண் 2006 டிசம்பர் 25 ஆம் நாள் காலமானார். மூன்று நாள் கழித்து அவருடைய உடல் அப்பலோ அரங்கின் மேடைமேல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 125 ஆம் வீதியிலே ஆயிரக்கணக்கான மக்கள் நீண்ட வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2004 ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பேணுதற்குரியவை எனத் தெரிந்தெடுக்கும் தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலிலே அந்த அப்பலோ தட்டு சேர்க்கப்பட்டது. நாட்டின் நினைவிலே என்றும் நிற்க வேண்டியவை என்று அறிஞர் ஆய்ந்து சேர்க்கும் பட்டியல் அது. இதிலே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பிறவுணுக்குக் கிடைத்த பெருமையன்று. அத்தட்டோடு கூடவே, 1962 ஆம் ஆண்டு புதன்கிழமை இரவிலே நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து இருந்த பெயரறியாத மக்கள் அனைவரும் அப்பட்டியலிலே இடம்பெற்று விட்டார்கள் என்பதே பெரிது. எந்த நாட்டிலே அவர்களுடைய பாட்டன்மார் பொருள்களாக விலைகூறி விற்கப்பட்டார்களோ, அந்த நாட்டின் பேணகத்திலே அவர்களுடைய சிரிப்பும் கூச்சலும் செல்வமாகப் பேணப்படுகின்றன.

நிகழ்ந்து முடிந்த ஓர் இரவை மனிதர் ஏன் மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள் என்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். பிழையற்ற பாட்டு வேண்டுமாயின் மூடிய அறையில் பதிந்த தட்டுகள் எத்தனையோ உண்டு. அரங்கத்தட்டை நாடுவோர் பாட்டை மட்டும் நாடவில்லை. பாட்டிலே பங்குகொண்ட மக்களையும் நாடுகிறார்கள். தனித்த அறையிலே இரவு நேரத்தில் அதனைக் கேட்பவனும் தனியனாக இல்லை. 1,500 பேரின் நடுவிலே அவனுக்கும் ஓர் இருக்கை கிடைக்கிறது. அந்தப் பெண் வீறிடும்போது அவனும் சிரிக்கிறான். பிறவுண் குரல் கொடுக்கும்போது, மறுமொழி சொல்ல அவன் நாவும் எழுகிறது. கல்வெட்டைப் படிப்பவனுக்கு அரசனின் பெயர் கிடைக்கும். இத்தட்டைக் கேட்பவனுக்கு மக்களின் கூட்டுறவே கிடைக்கிறது.